பூவைத் திருப்பிப் பாருங்கள்: வட அமெரிக்காவின் மஞ்சள் காட்டுப்பூக்கள் குறித்து வாசகர் கேள்வி பதில்

கோடை முதிரத் தொடங்கியதும், வட அமெரிக்காவில் வசிக்கும் நம் வாசகர்களிடமிருந்து மஞ்சள் பூக்களின் படங்கள் வந்து குவியத் தொடங்கிவிடுகின்றன. சாலையோரம், புல்வெளி, ஓடைக்கரை, காட்டின் விளிம்பு என இடம் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை: இது என்ன பூ? அவற்றுள் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் காட்டுப்பூக்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் பிரித்தெடுத்து இந்த இதழில் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள புல்வெளிக் காப்பகத்தில் ஆகஸ்டு மாதத்தில் ஏழெட்டு வகை மஞ்சள் பூக்களைக் காண்கிறேன். எல்லாமே எனக்குச் சூரியகாந்தி போலத்தான் தெரிகின்றன. முதலில் எதைப் பார்த்துப் பிரிக்க வேண்டும்? (இலினாய் மாநில வாசகி)

பதில்: இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கத் தாவரவியலாளர்களே இந்தக் கூட்டத்தை ஒரு வசவுச் சொல்லையும் சேர்த்து 'மஞ்சள் கூட்டுப்பூக்கள்' என்று அலுத்துக்கொள்வதுண்டு. ஆஸ்டரேசி எனப்படும் சூரியகாந்திக் குடும்பத்தில் 25,000க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. பூக்கும் தாவரங்களில் இதற்கு நிகரான பெரிய குடும்பம் ஆர்க்கிட் மட்டுமே. அவற்றுள் மஞ்சளாகப் பூப்பவை ஏராளம் என்பதால், மஞ்சள் நிறம் நமக்கு எந்த அடையாளத்தையும் தருவதில்லை.

நீங்கள் ஒரு பூ என்று எண்ணிக்கொண்டிருப்பது உண்மையில் ஒரு பூ அன்று. அது பல சிறுமலர்கள் ஒரே தட்டில் நெருக்கமாக அமர்ந்திருக்கும் தலைமஞ்சரி. சுற்றிலும் இதழ்போல நீண்டிருப்பவை கதிர்ச் சிறுமலர்கள்; நடுவில் கூட்டமாக இருப்பவை தட்டுச் சிறுமலர்கள். இவற்றையெல்லாம் கீழிருந்து தாங்கிப் பிடித்திருக்கும் பச்சை நிறச் செதில்களைப் பூவடிச் செதில்கள் என்கிறோம்.

பெரும்பாலோர் பூவின் முகத்தை மட்டும் படமெடுத்து அனுப்புகிறார்கள். எல்லாப் பூவும் ஒன்றுபோல இருக்கும் பக்கம் அதுதான். பூவைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். பூவடிச் செதில்கள் ஒரே வரிசையில் வேலி போல நிற்கின்றனவா, ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளில் படிந்திருக்கின்றனவா, உள்வரிசை ஒரு வடிவமும் வெளிவரிசை வேறொரு வடிவமுமாக இருக்கிறதா, நுனி வெளிப்புறமாகச் சுருண்டு பிசின் ஒட்டுகிறதா என்று கவனியுங்கள். உதாரணமாக, மேற்குப் புல்வெளிகளில் வளரும் கிரிண்டெலியா ஸ்குவாரோசாவின் செதில்கள் கொக்கி போல வெளியே வளைந்து விரலில் பசை போல ஒட்டும். முகத்தைப் பார்க்காமலே அதன் பெயரைச் சொல்லிவிடலாம்.

அடுத்து, உதிர்ந்து கிடக்கும் ஒரு பூத்தலையையோ, பறிக்க அனுமதியுள்ள இடத்தில் பறித்த ஒன்றையோ பிளேடால் நடுவில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். காப்பகத்தில் பறிக்க வேண்டாம். பிளந்த முகத்தில், சிறுமலர்கள் அமர்ந்திருக்கும் அடித்தட்டான பூத்தளம் தெரியும்; சூரியகாந்தியில் அது ஏறத்தாழத் தட்டையாகவும், ரட்பெக்கியாவில் கூம்பாகவும் இருக்கும். தட்டுச் சிறுமலர்களை நகத்தால் மெல்ல வழித்தெடுங்கள். ஒவ்வொரு சிறுமலருக்கும் பக்கத்தில் உமி போன்ற ஒரு மெல்லிய செதில் நின்றால், உங்கள் செடி சூரியகாந்தி, ஹீலியாப்சிஸ், ரட்பெக்கியா, கோரியாப்சிஸ், பைடென்ஸ், சில்ஃபியம், வெர்பெசினா ஆகிய பேரினங்களின் பக்கம் சேரும். உமியே இல்லாமல் தளம் மொட்டையாகச் சிறு குழிகளோடு இருந்தால், ஹெலினியம், பாக்கெரா, கிரிண்டெலியா, கோல்டன்ராட் ஆகியவற்றின் பக்கம் தேட வேண்டும். இந்த ஒரு சோதனை உங்கள் ஏழெட்டு வகைகளை அரை நிமிடத்தில் இரண்டு குவியலாகப் பிரித்துவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு கைலென்ஸ் ஒன்று இருந்தால் போதும், நுண்ணோக்கி தேவையில்லை.

இலைகளையும் மறந்துவிடாதீர்கள். அவை எதிரெதிராக அமைந்துள்ளனவா, மாறிமாறி அமைந்துள்ளனவா என்பதைத் தண்டின் நடுப்பகுதியிலும் உச்சியிலும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சூரியகாந்திகள் பலவற்றில் கீழ் இலைகள் எதிரெதிராகவும் மேல் இலைகள் மாறிமாறியும் இருப்பதால், ஒரே இடத்தில் மட்டும் பார்த்தவர் ஏமாந்துபோவார்.

கேள்வி: நான் சூரியகாந்தி என்று சொன்ன செடியை ஒரு நண்பர் 'பொய்ச் சூரியகாந்தி' என்கிறார். இரண்டுக்கும் அப்படி என்ன வேறுபாடு? (ஒன்டாரியோ வாசகர்)

பதில்: உங்கள் நண்பர் சொல்வது ஹீலியாப்சிஸ் ஹீலியாந்தாய்டிஸ் என்ற செடியை. நானும் ஒரு கோடை முழுவதும் அதைச் சூரியகாந்தி என்றே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். செப்டம்பரில்தான் உண்மை தெரிந்தது. சூரியகாந்தியின் கதிர்கள் வாடியதும் உதிர்ந்துவிட, இதன் கதிர்கள் மட்டும் காகிதம் போலக் காய்ந்து, பழுப்பேறி, தலையைச் சுற்றி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன.

செப்டம்பர் வரை காத்திருக்கத் தேவையில்லாத அடையாளம் ஒன்றும் உண்டு. ஒரு கதிர்ச் சிறுமலரை அடியோடு உருவி, அதன் குழல் போன்ற அடிப்பகுதியை லென்ஸ் வழியே பாருங்கள். ஹீலியாப்சிஸாக இருந்தால், அங்கிருந்து இரண்டாகப் பிளந்த நாக்குப் போன்ற ஒரு சூலகமுடி எட்டிப் பார்க்கும். அந்தக் கதிர் விதை தரும் பெண்மலர். சூரியகாந்தியின் கதிரில் அந்த நாக்கே இருக்காது. அது மலட்டுமலர், வண்டுகளையும் தேனீக்களையும் அழைப்பது மட்டுமே அதன் வேலை. பூத்தளமும் உதவும்: ஹீலியாப்சிஸின் நடுப்பகுதி நாளாக நாளாகக் கூம்பாக எழும்பும். இலைகள் ஏறத்தாழ உச்சி வரை எதிரெதிராகவே இருக்கும், காம்பும் உண்டு. சூரியகாந்திகள் பலவற்றுக்கு முன்பாகவே, கோடையின் தொடக்கத்திலேயே அது பூக்கத் தொடங்கிவிடுவதும் ஒரு குறிப்பு.

கேள்வி: நடுவில் கறுப்பாக இருப்பதெல்லாம் பிளாக்-ஐட் சூசன் தானே? (மேரிலாந்து வாசகி)

பதில்: இல்லை. உங்கள் மாநிலம் 1918ஆம் ஆண்டில் தன் மாநில மலராக ஏற்றுக்கொண்ட பிளாக்-ஐட் சூசன், ரட்பெக்கியா ஹிர்ட்டா என்ற இனம். அதை அடையாளம் காண்பதற்குக் கண்ணைவிட விரல் மேலானது. தண்டு, இலையின் இருபுறம், பூவடிச் செதில்கள் என எங்கே தொட்டாலும் சொரசொரப்பான முரட்டு மயிர்கள் படும். இலைகள் பிளவுபடாமல் நீண்டிருக்கும். நடுப்பகுதி கவிழ்த்த கிண்ணம் போல மேடாக, கரும்பழுப்பாக இருக்கும்.

அதன் உறவான ரட்பெக்கியா டிரைலோபாவில் பூக்கள் சிறியவை, எண்ணிக்கை மிக அதிகம். கீழ் இலைகளில் சில மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். மேல் இலைகளை மட்டும் பார்த்தால் அந்த மூன்று மடல் கண்ணில் படாது, குனிய வேண்டும்.

காட்டில் தானாக வளரும் சூரியகாந்தியான ஹீலியாந்தஸ் ஆனுவஸின் நடுப்பகுதியும் கரும்பழுப்புதான். ஆனால் அதன் தட்டு மேடாக எழாது; இலைகள் அகன்று, ஏறக்குறைய இதய வடிவில், நீண்ட காம்புடன் இருக்கும்; பூவடிச் செதில்கள் முட்டை வடிவில் அகன்று திடீரென வால் போலக் குறுகும், ஓரத்தில் மயிர்கள் விளிம்பு கட்டியிருக்கும். எண்ணெய் வித்துக்காகப் பயிரிடும் சூரியகாந்தியும் இதே இனம்தான். ஆயினும் காட்டுச் செடி பல கிளைகள் விட்டு, கிளைதோறும் சிறு தலைகளைச் சூடும். ஒரே தண்டில் ஒரே பெரிய தலை என்பது மனிதர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்ததன் விளைவு. வட அமெரிக்கப் பழங்குடிகள் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய வேலை அது.

மணற்பாங்கான நிலத்தில் பார்த்தது என்றால் ஹீலியாந்தஸ் பெட்டியோலாரிஸையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் கரிய தட்டின் நட்டநடுவில் வெள்ளைப் பொட்டு வைத்தது போன்ற ஒரு வெளுப்புத் தெரியும். உமிச்செதில்களின் நுனியில் அடர்ந்திருக்கும் வெண்மயிர்கள்தாம் அப்படித் தெரிகின்றன. பூவின் முகத்திலேயே விடை எழுதியிருக்கும் அரிய இனங்களில் இது ஒன்று.

கேள்வி: செப்டம்பர் மாதத்தில் ஓடைக்கரையில் ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடிகள். எல்லாவற்றிலும் மஞ்சள் இதழ்கள் கீழ்நோக்கித் தொங்குகின்றன. வாடிவிட்டனவோ என்று நினைத்தேன். இல்லை, மறுநாளும் அப்படியே இருந்தன. மூன்று படங்களை அனுப்பியிருக்கிறேன். (ஒகையோ வாசகர்)

பதில்: தொங்குவது அவற்றின் இயல்பு. நீங்கள் அனுப்பிய மூன்றும் மூன்று வேறு பேரினங்கள். இந்தக் குழு எனக்கு மிகவும் பிடித்தமானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் படத்தில் இருப்பது ஹெலினியம் ஆட்டம்னாலி. அதன் கதிர்கள் அடியில் குறுகி நுனியில் அகன்று ஆப்பு வடிவில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நுனியும் மூன்று பற்களாக வெட்டப்பட்டது போலத் தெரிகிறது. நடுப்பகுதி உருண்டைப் பந்து. தண்டில் நீளவாக்கில் மெல்லிய பச்சைச் சிறகுகள் ஓடுகின்றன. இலையின் அடிப்பகுதியே தண்டின்மீது வழிந்து கீழிறங்குவதால் உண்டானவை அவை. ஆங்கிலத்தில் இதை 'தும்மல் செடி' என்ற பொருளில் அழைப்பதால், தும்மலுக்கு இதன் மகரந்தம்தான் காரணம் என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். காய்ந்த இலைகளைப் பொடித்து மூக்குப்பொடி போல இழுத்துத் தும்மிய பழைய வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. மகரந்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கால்நடைகள் இதை மேய்ந்தால் நஞ்சாகும். குதிரையோ மாடோ உள்ள நிலத்தில் கவனம் தேவை.

இரண்டாவது படம் வெர்பெசினா ஆல்டெர்னிஃபோலியா. இதற்கும் தண்டில் சிறகு உண்டு என்பதால் இதையும் ஹெலினியத்தையும் மாற்றிச் சொல்பவர்கள் பலர். இங்கேதான் உமிச் சோதனை கைகொடுக்கும். ஹெலினியத்தின் பந்தை வழித்தால் மொட்டைத் தளம். வெர்பெசினாவை வழித்தால் உமிகள் எழும்பும். படத்தை வைத்தே சொல்வதானால், வெர்பெசினாவின் கதிர்கள் எண்ணிக்கையில் குறைவு, நீளத்திலும் ஒழுங்கில்லை, இரண்டொன்று விழுந்துவிட்டது போன்ற தோற்றம். தட்டுச் சிறுமலர்கள் பந்தாகத் திரளாமல், கலைந்த தலைமுடி போல நாற்புறமும் விலகி நிற்கும். கொஞ்சம் அலங்கோலமான செடி என்பது என் எண்ணம். ஆனால் தேனீக்கள் அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை.

மூன்றாவது ரட்பெக்கியா லாசினியாட்டா. கறுப்பு நடு இல்லாத ரட்பெக்கியாவும் உண்டு என்பதற்கு இது சான்று: இதன் நடுப்பகுதி பச்சை கலந்த மஞ்சள் கூம்பு. தண்டு வழவழப்பாக இருக்கும், சிறகு இருக்காது. கீழ் இலைகள் மூன்று முதல் ஏழு மடல்களாக ஆழமாகப் பிளந்திருக்கும். ஈரமான கரைகளில் இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்து நிற்கும்.

இதே தொங்கும் கதிர்களை ஈரமற்ற புல்வெளியில் பார்த்திருந்தால் நான்காவதாக ராட்டிபிடா பின்னாட்டாவையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். அதன் நடுப்பகுதி சாம்பல் பச்சையாகத் தொடங்கி, கீழிருந்து மேலாகப் பழுப்பாகும் நீள்முட்டை. அதை விரல்களுக்கிடையே நசுக்கி முகர்ந்தால் சோம்பு வாசனை வரும். அந்த வாசனையை ஒரு முறை அறிந்துகொண்டவர் அதற்குப் பிறகு இச்செடியைத் தவறவிடுவது அரிது.

கேள்வி: எட்டு இதழ்கள் கொண்ட மஞ்சள் பூ. இதழ் எண்ணிக்கையை வைத்துப் பெயர் சொல்லிவிட முடியுமா? (ஜார்ஜியா வாசகர்)

பதில்: பொதுவாக முடியாது, கதிர்களின் எண்ணிக்கை ஒரே செடியிலேயே கூடும், குறையும். எட்டு என்பது மட்டும் கோரியாப்சிஸைச் சந்தேகிக்க நல்ல காரணம். பூவைத் திருப்பினால் உறுதி செய்துகொள்ளலாம்: வெளியே ஒடுங்கிய பச்சைச் செதில்கள் ஒரு வட்டம், உள்ளே அகன்ற, மெல்லிய, மஞ்சள் பழுப்பான செதில்கள் இன்னொரு வட்டம். இரண்டு வெவ்வேறு செடிகளின் செதில்களைக் கொண்டுவந்து ஒட்டியது போல இருக்கும். பைடென்ஸிலும் இந்த இரட்டை வட்டம் உண்டு. ஆனால் அதன் விதைகளில் பின்னோக்கிய முட்கள் கொண்ட ஊசிகள் இருப்பதால் ஆடையில் குத்திக்கொண்டு உங்களோடு வீடு வரை வரும். பைடென்ஸ் இனங்கள் பெரும்பாலும் ஈரநிலத்தை விரும்புபவை. கோரியாப்சிஸின் விதை தட்டையாக, உண்ணி போல இருக்கும். கிரேக்க மொழியில் அதன் பெயருக்கு மூட்டைப்பூச்சி போன்றது என்பது பொருள். இவ்வளவு அழகான பூவுக்கு இப்படி ஒரு பெயர்!

கேள்வி: ஒரு செடியின் இலைகளுக்குள் மழைநீர் தேங்கியிருந்தது, சிறு பறவை ஒன்று அதில் நீர் குடித்தது. பூ சூரியகாந்தி போன்றது. இது என்ன? (விஸ்கான்சின் வாசகி)

பதில்: சில்ஃபியம் பெர்ஃபோலியாட்டம். எதிரெதிரான இரண்டு இலைகளின் அடிப்பகுதிகள் தண்டைச் சுற்றி ஒன்றோடொன்று இணைந்து கிண்ணமாகிவிடுகின்றன. தண்டைத் தொட்டுப் பாருங்கள், நான்கு மூலைகளுடன் சதுரமாக இருக்கும்.

சூரியகாந்தியிலிருந்து இந்தப் பேரினத்தைப் பிரிக்கும் வேறுபாடு உள்ளே ஒளிந்திருக்கிறது. சூரியகாந்தியில் கதிர்கள் மலடு. விதைகள் நடுத்தட்டில் உருவாகும். சில்ஃபியத்தில் அப்படியே தலைகீழ்: கதிர்கள்தாம் விதை தரும், நடுத்தட்டு விதை தராது. ஆகவே முற்றிய தலையில் விதைகள் வெளிவட்டத்தில் மட்டும் அடுக்கப்பட்டு, நடுப்பகுதி பதராக இருந்தால் அது சில்ஃபியம்.

உங்கள் பகுதியில் அதன் உறவுகள் இரண்டையும் காணலாம். சில்ஃபியம் லாசினியாட்டம் 'திசைகாட்டிச் செடி' எனப்படுகிறது. ஆழமாகப் பிளந்த அதன் அடியிலைகள் செங்குத்தாக நின்று, ஓரங்களை வடக்கு தெற்காகத் திருப்பிக்கொள்ளும் போக்கு உடையவை. காலை, மாலை வெயில் இலைப்பரப்பில் விழும். உச்சி வெயில் ஓரத்தை மட்டும் தொட்டுச் செல்லும். சில்ஃபியம் டெரெபிந்தினேசியத்தின் அடியிலைகள் முறம் போலப் பெரியவை, பிளவுபடாதவை. வெயில் நேரத்திலும் தொட்டால் குளிர்ந்திருக்கும்.

கேள்வி: கோல்டன்ராட் பூக்கும்போதெல்லாம் எனக்குத் தும்மலும் கண் அரிப்பும் வருகின்றன. தோட்டத்திலிருந்து அதைப் பிடுங்கிவிடலாமா? அதில் எத்தனை வகை என்றும் சொல்லுங்கள். (நியூ ஜெர்சி வாசகர்)

பதில்: பிடுங்க வேண்டாம். குற்றவாளி அதுவாக இருக்க வாய்ப்புக் குறைவு. கோல்டன்ராட் பூச்சிகளால் மகரந்தச் சேர்க்கை அடையும் செடி; அதன் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறந்து மூக்கை அடையும் தன்மை அதற்கு இல்லை. அதே வாரங்களில், பெரும்பாலும் அதே இடங்களில், யாரும் கவனிக்காத பச்சைநிறச் சிறுபூக்களோடு ராக்வீட் எனப்படும் அம்ப்ரோசியா பூக்கிறது. காற்றில் மகரந்தத்தைத் தூவும் செடி அதுதான். அதுவும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்ததே என்பது வேடிக்கை. பழி மட்டும் பளிச்சென்று தெரியும் உறவினர்மீது விழுந்துவிட்டது. தொல்லை தொடர்ந்தால் மருத்துவரிடம் ஒவ்வாமைச் சோதனை செய்துகொள்ளுங்கள்.

வகைகளைப் பொறுத்தவரை, கோல்டன்ராட் செடிகள் அடங்கும் சாலிடாகோ பேரினத்தில் நூறு இனங்களுக்கு மேல் உண்டு. பெரும்பாலானவை வட அமெரிக்காவுக்கு உரியவை. நெப்ராஸ்கா 1895இலும் கென்டக்கி 1926இலும் இதை மாநில மலராக ஏற்றுள்ளன. எல்லா இனங்களையும் பிரிக்க முயன்று சோர்ந்துபோகாதீர்கள். முதலில் பூங்கொத்தின் வடிவத்தைப் பாருங்கள்: ஒருபுறமாக வளைந்த தோகை போன்றதா, நேராக நிற்கும் கோல் போன்றதா, குடை போலத் தட்டையானதா என்று. தட்டையாக இருந்து, இலைகளும் புல் போல ஒடுங்கி இணையான நரம்புகளுடன் இருந்தால், அது இன்று யூத்தாமியா என்ற தனிப் பேரினம். தோகை வடிவம் என்றால் தண்டில் மயிர் உண்டா என்று பாருங்கள். சாலிடாகோ ஜைகாண்டியாவின் தண்டு பூங்கொத்துக்குக் கீழே வழவழப்பாக, சாம்பல் பூத்தது போல இருக்கும். சாலிடாகோ ஆல்டிசிமாவின் தண்டில் மேலும் கீழும் மயிர் இருக்கும். தண்டில் கோலிகுண்டு அளவில் உருண்டையான வீக்கம் தெரிந்தால் அது நோய் என்று அஞ்ச வேண்டாம்; யூரோஸ்டா சாலிடாஜினிஸ் என்ற ஈயின் புழு உள்ளே குடியிருக்கிறது.

கேள்வி: வசந்தத்தில் முதலில் தெரியும் மஞ்சள் பூக்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை என்று படித்தேன். உண்மையா? எது அம்மண்ணுக்குரியது என்று எப்படித் தெரிந்துகொள்வது? (பென்சில்வேனியா வாசகி)

பதில்: எல்லாமே அல்ல. புல்தரையை நிறைக்கும் டாண்டெலியன் ஐரோப்பாவிலிருந்து வந்தது. இலைகள் தோன்றும் முன்பே, செதில் மூடிய தண்டின்மேல் பூத்துவிடும் டஸ்ஸிலாகோவும் அப்படியே. ஆனால் ஈரமான காட்டு நிலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் பூக்கும் பாக்கெரா ஆரியா அம்மண்ணின் செடி. அதன் அடியிலைகள் வட்டமாக, இதய வடிவ அடியோடு இருக்கும், தண்டிலைகளோ பிளவுபட்டவை. ஒரே செடியில் இரண்டு வித இலை என்பதே பெரிய அடையாளம். பூவடிச் செதில்கள் ஒரே உயரத்தில் ஒரே வரிசையாக நிற்கும்.

டாண்டெலியன் போலவே தோன்றும் உள்நாட்டுச் செடி ஒன்றும் உண்டு: கிரிஜியா பைஃப்ளோரா. இரண்டிலும் ஒடித்தால் பால் வடியும்; இரண்டிலும் தட்டுச் சிறுமலர்களே கிடையாது, எல்லாச் சிறுமலர்களும் நுனியில் ஐந்து பற்கள் கொண்ட நாடாக்கள். டாண்டெலியனின் பூக்காம்பு உள்ளீடற்றது, இலையற்றது, கிளைக்காதது. அதன் வெளிச்செதில்கள் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். கிரிஜியாவின் தண்டு சாம்பல் பூத்து, நடுவில் தண்டைத் தழுவும் இலை ஒன்றைக் கொண்டு, அதற்கு மேல் கிளைக்கும். பூவின் நிறத்தில் சிறிது ஆரஞ்சு கலந்திருக்கும்.

ஒரு செடி உள்நாட்டுக்குரியதா என்பதை அதன் உருவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. முதலில் பெயரை உறுதி செய்துகொண்டு, பிறகு அமெரிக்க வேளாண் துறையின் தாவரத் தரவுத்தளத்திலோ, 2006இல் வெளியான 'வட அமெரிக்கத் தாவரவளம்' நூல்வரிசையின் 19 முதல் 21 வரையிலான தொகுதிகளிலோ அதன் இயற்கைப் பரவலைத் தேட வேண்டும். 'எங்கே' என்ற கேள்வி இல்லாமல் 'உள்நாட்டுச் செடி' என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. மேலே நான் புகழ்ந்த ரட்பெக்கியா லாசினியாட்டாவும், தென்கிழக்கில் சாலையோரங்களை அலங்கரிக்கும் கோரியாப்சிஸ் லான்சியோலாட்டாவும் ஜப்பானில் 2006 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்ட அயல் ஊடுருவிகள். கனடா கோல்டன்ராட் சீனாவிலும் ஐரோப்பாவிலும் வயல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. 'காட்டுப்பூ விதைக்கலவை' என்று எழுதிய பொட்டலங்களை வாங்கும்போதும் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். மெக்சிகோவின் மஞ்சள் காஸ்மாஸ் அதில் அடிக்கடி இடம்பெறும்.

கேள்வி: கைப்பேசிச் செயலி ஒரே செடிக்கு மூன்று படங்களில் மூன்று சூரியகாந்திப் பெயர்களைச் சொன்னது. படம் எடுப்பதில் என் தவறா, செயலியின் தவறா? (மினசோட்டா வாசகர்)

பதில்: படங்களைப் பார்த்தேன். மூன்றும் பூவின் முகத்தை நேராக எடுத்தவை. அவற்றை வைத்து நானும் சரியான பெயரைச் சொல்லியிருக்க முடியாது. ஒரு செடிக்குக் குறைந்தது ஆறு படங்கள் எடுங்கள்: முழுச்செடி, பூவின் முகம், பூவின் முதுகு, பூவைப் பக்கவாட்டில், நடுத்தண்டில் இலை இணையும் இடம், இலையின் அடிப்புறம். அளவு தெரிய ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ அருகில் வையுங்கள். தண்டைத் தடவிப் பார்த்து வழவழப்பா சொரசொரப்பா என்று எழுதிக்கொள்ளுங்கள். கேமராவுக்குத் தொடு உணர்வு இல்லை. தேதியையும், நிலம் ஈரமா உலர்வா, நிழலா வெயிலா என்பதையும் குறியுங்கள்.

சூரியகாந்திகளில் சிலவற்றை இந்த ஆறு படங்களே பிரித்துவிடும். இலைகள் நீளவாக்கில் மடிந்து, வாள் போல வளைந்து தொங்கினால் ஹீலியாந்தஸ் மாக்சிமிலியானி. தண்டு வழவழப்பாகச் செந்நிறம் ஏறி, இலையோரம் ரம்பம் போல இருந்தால் ஹீலியாந்தஸ் குரோசெசெரேட்டஸ். செடி முழுவதும் சாம்பல்நிறப் பூம்பட்டு போர்த்தியது போல இருந்து, காம்பற்ற இலைகள் தண்டைத் தழுவினால் ஹீலியாந்தஸ் மோல்லிஸ். இலைக்காம்பில் இருபுறமும் சிறகு, இலையடியிலிருந்து மூன்று தடித்த நரம்புகள், மண்ணைக் கிளறினால் கிழங்கு என்றால் ஹீலியாந்தஸ் டியூபரோசஸ்.

இருந்தும் சில செடிகள் எந்தப் பெயருக்குள்ளும் அடங்காமல் நிற்கும். சூரியகாந்தி இனங்கள் தங்களுக்குள் எளிதாகக் கலப்பவை. இரண்டு இனங்கள் அருகருகே வளரும் இடத்தில் தண்டு ஒன்றையும் இலை மற்றொன்றையும் ஒத்திருக்கும் பிள்ளைகள் பிறக்கும். உங்கள் இரண்டாவது படத்தின் ஓரத்தில் தற்செயலாக விழுந்திருக்கும் தண்டு செந்நிறமாக, ஆனால் சொரசொரப்பாக இருப்பது போலத் தெரிகிறது. அது அப்படிப்பட்ட கலப்பாகவும் இருக்கலாம். குறிப்பேட்டில் 'ஹீலியாந்தஸ், இனம் தெரியவில்லை' என்று எழுதிவிட்டு, அக்டோபரில் விதை முற்றியதும் அதே செடியிடம் மறுபடியும் போய், இம்முறை அதன் முதுகைப் படமெடுத்து அனுப்புங்கள்.